பாத்திரம் வெறுமனே திரும்பாது

ஆச்சி, உங்கள் அடுப்பங்கரையில் கடுகு கருகுகிறது!

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் நுரையோடு முற்றத்தைத் தாண்டி ஓடினேன். நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பூட்டிக்கிடந்த கதவு திறந்திருக்கிறது. உள்ளே உங்கள் மருமகள். காதில் இயர்போன், கையில் கரண்டி, எண்ணெய்ப் புகைக்குள் நின்றபடி யாருக்கோ ஆபீஸ் வேலையை விளக்கிக்கொண்டிருக்கிறாள். பெங்களூர் வேலையை மடிக்கணினிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு அவளும் உங்கள் மகனும் நேற்றுத்தான் வந்து சேர்ந்தார்கள். இனி காரைக்குடியில்தான் இருப்பார்களாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நொடியில், 'அது என் ஆச்சியின் அடுப்பு' என்று அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கவும் தோன்றியது. இந்த இரண்டையும் சேர்த்து உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவர் நீங்கள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணமான கையோடு நம் பக்கத்து வழக்கப்படி நம்மை வேறு வைத்தார்கள். ஒரே வீடு, ஒரே வாசல், அடுப்பு மட்டும் தனித்தனி. சேர்ந்திருக்கிறோமா பிரிந்திருக்கிறோமா என்று யாராவது கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது. நடுவில் போய்வந்துகொண்டிருந்தது உங்கள் பெயர் பொறித்த அந்த எவர்சில்வர் தூக்குச்சட்டிதான். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதில் நீங்கள் கறார். அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து நீங்கள் வைக்கும் மண்டி வந்தால் என் பணியாரம் போகும். பணியாரம் போனால் உங்கள் துவையல் வரும்.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் என்பதை நீங்கள் கேலி செய்யாத நாள் உண்டா? "நீயும் பாத்திரத்த வெளக்குற, நானும் பாத்திரத்த வெளக்குறேன். ஒனக்கு மட்டும் சம்பளம் தாராக." இதைச் சொல்லிவிட்டு நீங்களே முதலில் சிரிப்பீர்கள்.

ஆனால் நான் வகுப்பில் நடத்தும் கதைகளை என்னைவிட ஆசையாகப் படித்தது நீங்கள்தான். அந்தத் தாழ்ப்பாள் கதை நினைவிருக்கிறதா? விட்டுவிட்டு ஓடிப்போன கணவன் பல வருடம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். அதோடு கதை முடிந்துவிடுகிறது. அவள் திறக்கமாட்டாள், அவளுடைய வெறுப்புதான் கதை என்று நான் அடித்துச் சொன்னேன். நீங்கள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "வெறுப்பு மட்டுந்தேன்னா அவ எதுக்குடி எந்திரிச்சு வந்தா?" என்றீர்கள்.

"அப்பத் திறப்பாங்கிறீகளா?"

"அதுவும் இல்ல. தொறக்கவும் ஆசை, தொறக்காம அவனை நிக்க வைக்கவும் ஆசை. ரெண்டுந்தேன்."

ரெண்டுந்தேன் என்று பரீட்சையில் எழுதினால் மார்க் போடமாட்டேன் என்றேன். எனக்கு அப்போது எல்லாமே ஒரு பக்கமாக நிற்க வேண்டும், ஆச்சி. பிடித்தால் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் முகத்தில் விழிக்கக் கூடாது.

அப்படித்தான் உங்கள் முகத்தில் விழிக்காமலும் இருந்தேன். என் மகள் தானே ஒரு பையனைப் பார்த்து முடிவு செய்த நேரம். நாட்டரசன்கோட்டைக் கல்யாணத்தில், பந்தியில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, "படிக்க வச்சாப் போதுமா, பிள்ளைய வளக்கத் தெரிய வேணாமா" என்றீர்கள். இலையில் பாதிச் சோறு அப்படியே இருக்க நான் எழுந்துவிட்டேன். வீடு வந்ததும் உங்களோடு பேச்சை நிறுத்தினேன். ஆனால் உங்கள் சட்டி என் பக்கம் இருந்ததே! வெறுமனே திருப்ப மனம் வரவில்லை. திருப்பாமல் வைத்துக்கொள்ளக் கௌரவம் விடவில்லை. சாம்பாரை ஊற்றி உங்கள் நிலைப்படியில் டொக்கென்று வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது என் நிலைப்படியில் டொக்கென்று வந்து உட்கார்ந்தது, உள்ளே சுடச்சுட வெண்டைக்காய் மண்டி. அந்த மழைக்காலம் முழுக்க நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் விடாமல் ஒருவர் சமையலை ஒருவர் சாப்பிட்டோம். திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டேன். மண்டி வேறு அப்படி ருசித்துத் தொலைத்தது.

என் மகளின் பதிவுத் திருமணத்தன்று காலையில் சட்டி தானாக வரவில்லை, நீங்களே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மூடியைத் திறந்தால் கந்தரப்பம்.

"எனக்குக் கோவம் போகல," என்றீர்கள். "அதுக்காகப் பிள்ளைக்கு இனிப்புச் செய்யாம இருக்க முடியுமா?"

"அப்ப இந்தக் கல்யாணம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா ஆச்சி?"

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்தத் தாழ்ப்பாள் கதையில் வருகிறவள் எதற்கு எழுந்து வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு என் வகுப்பு மாறிப்போனது. போன வாரம் அதே கதையை நடத்தினேன். கல்லல் ஊரிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "எங்கப்பா போன் பண்ணுனா எடுக்கவும் தோணும் மேடம், அடிச்சு ஓயட்டும்னும் தோணும்" என்றாள். சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீங்கள் போன அன்று சட்டி என்னிடம் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். நிரப்பித் தருவதற்குள் போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இனி யாருக்குத் திருப்புவது? உங்களுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அலமாரியில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். யாராவது கேட்கமாட்டார்களா என்றும் இருந்தது.

இன்றைக்கு அதை எடுத்தேன். உளுத்தமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கும்மாயம் கிண்டி, நெய்யைத் தாராளமாக விட்டு, நிரப்பி மூடினேன். கொடுக்கலாமா, வேறு டப்பாவில் மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று முற்றத்தின் நடுவில் நின்றேன். உங்கள் நிலைப்படியைப் பார்த்தேன். பிறகு விறுவிறுவென்று போய் உங்கள் மருமகள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் சட்டியைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். "இது அத்தையோட சட்டியில்ல?" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். வெறுங்கையோடு திரும்பி வந்து, பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் என் நிலைப்படியில் டொக்கென்று ஒரு சத்தம், ஆச்சி! உங்கள் சட்டி! பின்னாலேயே அவள்.

"வெண்டைக்காய் மண்டி, சின்னத்தை. அத்தை போன்ல சொல்லிக் கொடுத்தது. சாப்பிட்டுப் பாருங்க."

அங்கேயே நின்று ஒரு வாய் போட்டேன். உப்பு கரித்தது. புளி உங்கள் புளி, அச்சு அசல்.

"அத்தை இன்னொண்ணும் சொல்லியிருக்காக," என்று தயங்கினாள். "சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீகளே?"

"சொல்லு."

"'சின்னத்தையோட ஒனக்குச் சண்டை வரும், வராம இருக்காது. என்ன சண்டை வந்தாலும் சட்டிய மட்டும் நிறுத்திராத'ன்னு."

பார்த்தீர்களா உங்கள் வாயை! நான் சண்டைக்காரியாம். போன பிறகும் என்னைப் பற்றிக் கோள் மூட்டி வைத்திருக்கிறீர்கள். சுரீரென்று கோபம் வந்தது. அந்தப் பெண் முன்னால் ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தேன். அவள் மிரண்டுபோய், "மண்டி நல்லா இல்லையா சின்னத்தை? கோவமா, வருத்தமா?" என்று கேட்டாள்.

என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நான் மார்க் போடமாட்டேன் என்ற உங்கள் பதில்தான்.

சட்டி இப்போது என் பக்கம் இருக்கிறது, ஆச்சி. கழுவிவிட்டேன். கவிழ்த்து வைக்கவில்லை.