காலி என்று நான் சொன்ன உயரம்

உன் அலமாரியை இன்றுதான் திறந்தேன். கீழ்த்தட்டில் நீ வைத்த ஈரம் உறிஞ்சும் டப்பா விளிம்புவரை தண்ணீரால் நிறைந்திருந்தது. டெங்கு என்று மருத்துவமனைக்குப் போன நீ திரும்பி வராத இந்தப் பத்து மாதமும், அது பெட்டாலிங் ஜெயாவின் ஈரக் காற்றைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த டப்பாவைக் காட்டி நீ கிண்டல் செய்வாயே. "செவ்வாய்க் கிரகத்துக் காத்துல இருக்கிற தண்ணி மொத்தத்தையும் கீழ இறக்குனாலும் தலைமுடி கனம் வராது லா. நமக்குப் பாரு, அலமாரிக்குள்ளயே ஒரு டப்பா!"

நான் தேடி வந்தது உன் நோட்டை. மாலை ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்குப் பதில் எழுத வேண்டும்.

இரண்டு வாரம் முன்பு வேறொரு குழு நாம் இருவரும் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அந்த இதழ் வழியாகக் கேட்டிருந்தது: செவ்வாயில் புழுதிப் புயல் அடிக்கும்போது நீராவி மிக உயரம் போகிறதே, உங்கள் கணக்கில் மட்டும் ஏன் பாதியிலேயே முடிகிறது?

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. செவ்வாயைச் சுற்றும் விண்கலம், கோளின் விளிம்பில் சூரியன் மறைவதைப் பார்க்கிறது. காற்றைத் துளைத்து வரும் ஒளியில் நீராவி சில நிறங்களை விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று அறிய, காற்றுக்கு மேலே எடுத்த சுத்தமான ஒளியோடு ஒப்பிடுவோம். நம் கணினி நிரல் அறுபது கிலோமீட்டருக்கு மேல் எல்லாம் காலி என்று எடுத்துக்கொண்டது. புயல் நாளில் அங்கேயும் நீராவி இருந்தது. இருந்ததை நாமே கழித்துவிட்டோம்.

நிரலின் தலைப்பில் உன் பெயர்தான் இருக்கிறது. அதைப் பார்த்தபோது என் மனதில் வந்ததை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. நிம்மதி வந்தது. 'எழுதியவர் இப்போது இல்லை' என்று ஒரு வரி போட்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு வாரம் அந்த வரியோடுதான் தூங்கினேன். தூங்கினேன் என்று சொல்வதும் பொய்தான்.

நோட்டைப் புரட்டினேன். உன் சின்ன எழுத்தில், "60-க்கு மேல நிஜமாவே காலியா? புயல் நாளுக்கு?" அதன் கீழே சிவப்பு மையில், என் எழுத்தில், "60 போடு. எல்லாரும் அப்படித்தான்."

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை உடனே கண்முன் வந்தது. இலையில் ரசம் ஓட, நீ சாப்பிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாய். "மேல ஒண்ணும் இல்லன்னு உனக்கு யார் சொன்னா?"

"சாப்பிடு லா, பிரேக் முடியப் போகுது," என்றேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்று எனக்கு அவசரம். மாநாட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறவில்லை. நீ ஒரு வாய் சோறு எடுத்துவிட்டு, சரி என்று தலையாட்டினாய்.

முதலில் கிள்ளானில் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நம் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, சாமி அறையில் மாட்டியிருக்கும் உன் அம்மாவுக்கு இது வேறு யார் வாயாலும் தெரியக்கூடாது.

"ஆன்டி, அந்தப் பேப்பர்ல ஒரு தப்பு இருக்கு. அவ சரியாத்தான் கேட்டா. நான்தான் கேக்கல."

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவ பேர எடுத்துருவாங்களாம்மா?"

"இல்ல ஆன்டி. பேரு அப்படியே இருக்கும்."

"அப்ப சரி. திருத்துன தாளயும் கொண்டு வா. அதுக்கும் பொட்டு வைக்கணும்."

அழுதுவிட்டேன். அழுது முடித்து, அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தது நான், சந்தேகப்பட்டது நீ என்று எழுதி அனுப்பினேன். ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது. அவர்கள் என்ன பதில் சொல்வார்கள், இந்த வேலை எனக்கு மிஞ்சுமா, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

எல்லா நாட்களையும் திரும்பக் கணக்கிட வேண்டும். புது நிரலைத் தொடங்கிவிட்டேன். உயரம் கேட்கும் இடத்தில் இன்னும் எண் எதுவும் போடவில்லை. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், ரசம் ஆறிக்கொண்டிருக்கும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து நீ கேட்கிறாய். இந்த முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.