நீ வெறியில் இருக்கவில்லை

நீ குடித்திருக்கவில்லை. உன் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. உன் தங்கையின் கலியாணத்தில், என்னுடைய மண்டபத்தில், நாக்குக் குழறி வியர்த்துப்போய் நின்ற உன்னை வெறிகாரன் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காணமுன் காருக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். நீ எழும்பவில்லை.

இன்று வில்லரேயில் உள்ள என் கடையில் மேசை லாச்சியை இழுத்தேன். நீ விட்டுப்போன குளுக்கோஸ் வில்லைகளின் தோடம்பழ வாசம் முகத்தில் அடித்தது. அழுகை வரவில்லை, மச்சான். ஆத்திரம்தான் வந்தது.

சிறுவயதிலேயே வந்த சலரோகத்தையே படிப்பாக்கி உடற்பயிற்சி விஞ்ஞானியானவன் நீ. எனக்கும் சீனி என்று தெரிந்ததும் உன் ஆய்வுகூடத்துக்கு இழுத்துப்போய்ச் சைக்கிளில் ஏற்றினாய். "முதலாளி, சாமான் வாங்க வந்த ஆள் மாதிரி மிதி. விலை கேட்டுப்போட்டுப் போற ஆள் மாதிரி மிதியாதை!" மூச்சு வாங்க இறங்கினால் பாடம் தொடங்கும். "உடம்பு வேலை செய்தா சீனியை இழுக்கும். என்னை மாதிரி இன்சுலின் போடுற ஆள் சாப்பிடாமல் ஓடித்திரிஞ்சா விழுவான்."

இதைச் சொன்ன வாயோடுதான் கலியாணத்தன்று விடியமுதல் மண்டபத்துக் கதிரைகளைச் சுமந்து அடுக்கினாய். பெண்ணின் தமையன் தாலி ஏறமுன் சாப்பிடக்கூடாது என்று உன் பெரியப்பா சொல்ல, பட்டினியும் கிடந்தாய். சீனி இறங்குது என்று உன் போன் கத்தியிருக்கிறது. கெட்டிமேள நேரத்தில் இதென்ன சத்தம் என்று யாரோ அதை நிறுத்திவிட்டார்கள்.

உனக்குச் சலரோகம் என்று உன் வீட்டாரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாதே! பிரெஞ்சுக்காரரின் மேடையில் பேசப்போனால் சட்டைக்கையை மடித்து, சீனி பார்க்க ஒட்டியிருந்த கருவியைக் காட்டிச் சிரிக்கவைப்பாய். எங்கட ஆக்களின் வீட்டுக்கு மட்டும் முழுக்கைச் சட்டை. ஏனடா என்று கேட்டதற்கு, "தங்கச்சிக்கு ஒண்டு சரிவரட்டும். பரம்பரை வருத்தம் எண்டு சம்பந்தம் குழம்பிடும் எண்டு அம்மா பயப்பிடுறா. பேந்து சொல்லுவம்" என்றாய். எந்தப் பேந்து, மச்சான்? எந்தப் பிறகு?

புவாண்ட்-கிளேரில் உள்ள என் சாமான் களஞ்சியத்திலிருந்து நான் வந்து சேர்ந்தபோது பெரியப்பா மண்டப வாசலில் நின்றார். "உம்மட சிநேகிதன் கொஞ்சம் கூடப் போட்டிட்டான் போல. காருக்குள்ள படுக்கிறான், எழுப்பாதையும்" என்று சிரித்தார். நான் போய்க் காரின் கதவைத் திறந்தேன்.

அவரில் கோபம். உன் அம்மாவில் கோபம். அவர்களை விடக் கூடக் கோபம் உன்னில்தான்.

போன கிழமை ஒருவர் மகளின் கலியாணத்துக்கு மண்டபம் கேட்டு வந்தார். என் நிபந்தனையைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணை, நல்ல காரியத்தில ஏன் நோய் வருத்தக் கதை? சம்பந்தி ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும். ஒருத்தன் செத்துப்போறதை விட அது பரவாயில்லை."

"அப்ப வாடகையில கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோவன்."

"வேற மண்டபம் பாருங்கோ."

எழும்பிக் கதவுவரை போய்த் திரும்பி வந்தார். பேசி முடித்தது இதுதான்: வாடகையில் ஒரு சதமும் குறையாது. ஒலிவாங்கியில் முதல் அறிவிப்பு என்னுடையது. யாருக்காவது நாக்குக் குழறினால் குடிதான் என்று யாரும் முடிவெடுக்கக்கூடாது. விழுங்கக்கூடியவருக்கு உடனே இனிப்புப் பானம், முடியாதவரின் வாயில் ஒன்றும் ஊற்றாமல் அம்புலன்ஸ். பானம் என் செலவு. தாலி கட்டுகிற நேரமானாலும் ஒருவரையும் தனியே காருக்குள் விடக்கூடாது.