துளையில்லாத ஈயக் குண்டுகள்

அண்ணே,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் எனக்கு விட்டுப்போன பால்மாவு டப்பா மேசைமேல் இருக்கிறது. தொட்ட விரல்களில் கருமை இன்னும் போகவில்லை.

உங்கள் கருமாதி முடிந்து நான் ஆனையூரில் என் வீட்டுக்குக் கிளம்பும்போது மதினி இதை என் பைக்குள் வைத்தார். "ஒங்கண்ணன் கட்டிலுக்கடியில கெடந்துச்சு தம்பி. மீன் வலைக் குண்டு போல. ஒங்க கையிலதான் குடுக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார். கிணற்றடி நிலத்தில் என் பாதியைத் தராமல் இழுத்தடித்தவர், போகும்போது ஈயத்தையா கொடுப்பது என்று பஸ்ஸில் வழியெல்லாம் உங்களை வைதுகொண்டே வந்தேன்.

வீட்டில் வெளிச்சத்தில் கொட்டிப் பார்த்ததும் வசவு நின்றுவிட்டது. வலைக் குண்டென்றால் கயிறு கோக்கத் துளை இருக்கும். இவற்றில் இல்லை. நடுவில் சுற்றிலும் அச்சின் இரு பாதியும் சேர்ந்த மெல்லிய வரம்பு, ஈயம் ஊற்றிய இடத்தில் வெட்டிய தழும்பு. எல்லாம் நாட்டுத் துப்பாக்கிக் குண்டுகள்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் நீங்கள் கொல்லையில் குத்தவைத்து, கரண்டியில் ஈயம் உருக்கி இரும்பு அச்சில் ஊற்றுவீர்கள். "படிச்சவரு தள்ளி நில்லுங்க சார். பொக ஏறி உள்ள படிப்பும் போயிறப் போகுது" என்று சிரிப்பீர்கள். எதற்கு என்று கேட்டால், "பன்னிக்கு மட்டுந்தான்டா." அந்த அச்சில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதனால் ஒவ்வொரு குண்டிலும் கடுகளவு ஒரு புடைப்பு.

டப்பாவில் இருந்த எல்லாவற்றிலும் அந்தப் புடைப்பு இருக்கிறது. பெரும்பாலானவை மங்கி, வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. மேலாகக் கிடந்த சில மட்டும் புது எவர்சில்வர் போல மின்னுகின்றன. வேதியியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். காற்றுப் பட்ட ஈயம் சில மாதங்களில் மங்கிவிடும். நீங்களோ இரண்டு வருடமாகக் கைகால் விழுந்து கட்டிலில் கிடந்தீர்கள்.

அச்சு இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. துப்பாக்கியும். ஊற்றியது உங்கள் மகன்.

கருமாதிப் பந்தியில், நிலத்தை அளக்க ஆள் கூட்டி வரப்போவதாக அவனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லிவிட்டு, "சித்தப்பா, கெணத்துப் பக்கம் தனியா வராதீக. பன்னி திரியுது. எவனாச்சும் மாத்திச் சுட்டுப்புடுவான்" என்றான். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது தாழ்ப்பாளைப் போட்டேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். வாசலில் பைக் நின்றால் விளக்கை அணைத்துவிடுகிறேன். போலீசிடம் போகலாம்தான். டப்பா என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று முதலில் கேட்பார்கள். மதினியும் ஸ்டேஷன் படி ஏற வேண்டிவரும்.

அவன் டப்பாவில் புதுக் குண்டுகளைப் போட்ட சத்தத்தைப் படுத்தபடியே கேட்டிருப்பீர்கள். நிலத்தைக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை, என்னைச் சாகக் கொடுக்கவும் மனம் வரவில்லை. முதலாவதை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் மின்னும் குண்டுகளில் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

இதை உங்கள் பெயருக்கே, அந்த வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். அவன்தான் பிரிப்பான். டப்பா எங்கே போனது என்று தெரிந்துகொள்ளட்டும். நிலம் அளக்கும் நாளன்று நான் தனியாக வரமாட்டேன் என்பதையும்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன், மறுபடி மூடி வைத்துவிட்டேன். போடாமலே தபாலில் சேர்க்கிறேன். உங்களை அண்ணே என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்.