மழைத்தண்ணீரில் கழுவிய கணினி

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான், அண்ணை. இந்தப் பழைய கணினி எங்கள் இரண்டு பேருக்கும் பிறகும் ஓடும் என்று சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். இன்று காலை அதன் வயரொன்றை ஈயம் வைத்து ஒட்டினேன். எழுந்த புகை மணத்தில், உங்கள் குசினியில் அடுப்போரம் நாங்கள் வேலை செய்த மேசை அப்படியே கண்முன் வந்து நின்றது.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, அலுமாரிக்கு மேல் கிடந்த இந்தக் கணினிப் பெட்டியை இறக்கினீர்கள். திருத்த ஆள் தேடி அன்புவழிபுரத்தில் என் வாசலுக்கே வந்தீர்கள். வராமல்? மீன்பிடி வள்ள இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்ல திருகோணமலையில் வேறு யார் இருந்தார்கள்? முதுகு போய், இன்ஜின் தூக்க ஏலாமல் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் தொல்லையாக நான் இருந்த காலம் அது.

பெட்டிக்குள் கடற்காற்று குடியேறியிருந்தது; செம்புக் கம்பியெல்லாம் பச்சை. இன்ஜினைப் போலக் கழுவினால் சரி என்று சொல்லி, ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது.

“தம்பி, உப்பை எடுக்கச் சொன்னா உப்பளம் போட்டு வச்சிருக்கிறாய்.”

“எங்கட கிணத்துத் தண்ணி கொஞ்சம் ருசி கூட, அண்ணை.”

“கதையை விட்டிட்டு, மழைக்குச் சட்டியை வை.”

மாரி மழையைப் பிடித்து, பல் துலக்கும் பிரஷால் திரும்பவும் கழுவினோம். பெட்டியோடு இணைத்த தொலைக்காட்சித் திரையில் முதல் எழுத்து மின்னிய அன்று, நான் அடித்த விசில் நிலாவெளி வரை கேட்டதாம்.

பிறகு நீங்கள் வரிவரியாகத் தட்டிய புரோகிராமில் ஒரு வள்ளம் திரையைக் கடந்து, விளிம்பில் காணாமல் போனது.

“போனவன் திரும்பேல்லையே, அண்ணை?”

“நீதானே மெக்கானிக்? திருப்பிக் கொண்டு வாவன்.”

விசைப்பலகையை என் பக்கம் தள்ளினீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடியது. பிழை, பிழை என்று பெட்டி ஏசியது. நீங்கள் குறுக்கே கை நீட்டவேயில்லை. கடைசியில் வள்ளம் விளிம்பில் திரும்பியது. வீட்டிலிருந்த என் மனுசியைக் கூட்டிவர ஓடினேன். முதுகு வலித்ததா என்றே தெரியாது.

இப்போது தோப்பூரிலிருந்தும் பழைய பெட்டிகள் என்னிடம் வருகின்றன. விடிந்தால் எழும்ப எனக்கொரு வேலை இருக்கிறது. அது நீங்கள் தந்தது.

ஒன்று மட்டும், அண்ணை. நீங்கள் என்னைத் தேடி வந்த கதையை ஊரெல்லாம் சொல்லி, இங்கும் எழுதிவிட்டேன். அது என் கைச்சரக்கு. போக இடமில்லாமல் நான்தான் உங்கள் வாசலில் வந்து நின்றேன். என்ன விசயம் என்றுகூடக் கேட்காமல், நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டீர்கள்.