பட்டனை அழுத்துகிறவன் இருக்கும் பக்கம்

நவம்பர் 9, சனி

கடைக்குப் புதிதாக வாங்கிய இரும்பு அளவு டேப்பை ஹனியா துண்டு துண்டாக வெட்டிவிட்டாள். பிளாஸ்டிக் குழாயில் மீன்முள் போல வரிசையாகக் கட்டி ஒயரைப் பற்றவைத்திருக்கிறாள். ஆன்டெனாவாம். ஒன்றல்ல, இரண்டு! கேட்டால், "ஹார்டுவேர் கடையில வேற டேப்பே இல்லியா இன்னா?" என்கிறாள். மனைவி அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தால் இப்படித்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

மாடியில் நின்று உலகப்போர்க் கதை சொன்னாள். "நீர்மூழ்கி தண்ணிக்குள்ள பதுங்கிகினு இருந்தா யாருக்குத் தெரியும்? ஆனா சேதி அனுப்ப வாயத் தொறந்துதானே ஆவணும். அந்தச் சில நொடியில, சத்தம் எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு கரையில இருக்கறவங்க புடிச்சிடுவாங்க. இங்கருந்து ஒரு கோடு, வேற எடத்துலருந்து இன்னொண்ணு. ரெண்டும் வெட்டிக்கிற எடத்துல கப்பல்."

"கொல்றதுக்குத்தானே கண்டுபுடிச்சாங்க?"

"அது முழுகடிக்க இருந்த கப்பல்ல எத்தினி பேர் இருந்திருப்பாங்க, அத்தையும் சேத்துக்கங்க."

இப்படி ஒருத்தியோடு பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்!

நவம்பர் 14, வியாழன்

மழை. வியாபாரம் இல்லை.

நவம்பர் 20, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் பொன்னி கடைக்கு ஓடிவந்தாள். அவள் புருஷன் ஏசுபாதமும் கொழுந்தன் ஞானதாஸும் நேற்றுக் கடலுக்குப் போனவர்கள். அலை அடித்து எஞ்சின் நின்றுவிட்டது, ஜிபிஎஸ் கருவியும் போயிற்று. கையில் ஒரு வாக்கிடாக்கி மட்டும். மீனவர் சங்கத்து வயர்லெஸ் செட்டில் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, தூறலில் கரை மறைந்துவிட்டது. கடலோரக் காவலுக்குச் சொல்லியாயிற்று. படகுகள் தெற்கே தேடுகின்றன.

ஹனியா நேராகச் சங்கத்து செட்டுக்குப் போனாள். "ஏசுபாதம் அண்ணே, இனிமே பேசாதீங்க. பேட்டரி தீந்துடும். அரை மணிக்கு ஒருவாட்டி பட்டனை மட்டும் அழுத்திப் புடிங்க. மத்த நேரம் ஆஃப் பண்ணிடுங்க."

அவள் சங்கத்து மாடியில் நின்றாள். நான் இன்னொரு ஆன்டெனாவும் கை செட்டுமாக பைக்கில் மாமல்லபுரம் போனேன். முதல் முறை என் திசைகாட்டியின் கோடு கடலுக்கே போகவில்லை, ஊருக்குள் போயிற்று. போனில் சொன்னேன். திட்டவில்லை அவள்.

"பக்கத்துல தகர ஷெட்டு எதுனா கீதா?"

தகரக் கூரை போட்ட சிற்பப் பட்டறைகளின் பின்னால்தான் நின்றிருந்தேன்.

"தகரத்துல பட்டு சிக்னல் திரும்புது. மணல்ல எறங்கி நில்லுங்க. ஆன்டெனாவ மெதுவாத் திருப்புங்க. அவரு பட்டனை அழுத்துனா இரைச்சல் அடங்கும், நல்லா அடங்குற எடம் அவரு பக்கம்."

அடுத்த அரை மணி எப்படிப் போயிற்று? யா அல்லாஹ். பிறகு செட்டில் இரைச்சல் தணிந்தது. திருப்பினால் மறுபடி எழும்பியது. பேச்சு இல்லை. எங்கேயோ ஒரு மனிதன் கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறான் — அவ்வளவுதான். அதை நான் கையால் தொட்டது போல இருந்தது.

இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்டது வடக்கே.

"நீரோட்டம் தெக்க இழுக்குதும்மா. அவன் எப்டி வடக்க இருப்பான்?" என்றார் சங்கத் தலைவர் ஜெபகுமார். போனில் எனக்கும் கேட்டது.

"நீரோட்டம் உங்களுக்குத்தான் தெரியும்ணே. ஆனா பட்டன் அழுத்துறது அங்கருந்துதான்."

"அப்போ வலை போடவே ரொம்ப வடக்க பூட்டானா..." என்றவர் இரண்டு படகுகளைத் திருப்பிவிட்டார்.

அதற்கடுத்த அரை மணியில் வெறும் இரைச்சல். அதற்கடுத்ததிலும்.

மதியத்துக்கு மேல் ஹனியா கூப்பிட்டாள். "கெடச்சிட்டாங்க. ரெண்டு பேரும்." மணலில் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 21, வியாழன்

ஆஸ்பத்திரியில் பார்த்தோம். குளுக்கோஸ் ஏறுகிறது, தேறிவிடுவார்கள். மீன் கூட்டத்தைத் துரத்தி வடக்கே போனார்களாம். பொன்னி ஹனியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "நான் இன்னா பண்ணேன்? அந்த பயத்துலயும் மணி தப்பாம அழுத்துனாரே, அவரு" என்றாள் ஹனியா.

சரிதான். ஆனால் கேட்கத் தெரிந்தவள் ஒருத்தி கரையில் இல்லாவிட்டால்?

ஜனவரி 12, ஞாயிறு

ஹனியாவிடம் ஆன்டெனா திருப்பப் பழகிவரும் பொன்னிக்கும், ஞானதாஸின் மனைவி ஜெனிட்டாவுக்கும் இன்று பரீட்சை. ஜெனிட்டா மாமல்லபுரத்து மணலில், பொன்னி இங்கே சங்கத்து மாடியில். ஏசுபாதத்தின் படகில் ஹனியா வாக்கிடாக்கியோடு ஏறிப் போய்விட்டாள். எங்கே போகிறாள் என்று என்னிடமும் சொல்லவில்லை. படகு புள்ளியாகி, அதுவும் மறைந்தது.

பொன்னி கண்ணை மூடிக்கொண்டு ஆன்டெனாவைத் திருப்பினாள். இரைச்சல் தணிந்தது.

"அண்ணே, அக்கா தோ இந்தாண்ட கீது."

அவள் காட்டிய பக்கம் கடலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.