பெட்டியில் இல்லாத பூனைக்காலிப் பொடி

அன்புள்ள கிருத்திகா,

இன்று 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஆறு பத்து. கடையில் வாங்கச் சொல்லி நீ கேட்ட பொருள் பன்னிரண்டு, பெட்டியில் இருப்பது பதினொன்று. பூனைக்காலிப் பொடி வரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்காமல் இல்லை, நான்தான் வாங்கவில்லை. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ கட் பண்ணுவாய், அப்புறம் உன் அம்மா என்னோடு பேசமாட்டாள், போன வாரம் நடந்தது அதுதான். எழுதிப் பெட்டியிலேயே வெச்சிருங்க, காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் புள்ளைக்குக் காது வலிக்காது என்று அவளே சொல்லிவிட்டாள். அதனால் இது.

இங்கே நாமக்கல்லில் நாங்கள் இரண்டு பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்குக் கழுத்து வலி விட்டுப்போய் மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள், தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட் நம்ம ஊட்டில்தான் கிடக்கிறது. மோகனூரில் காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிறது, போய்ப் பார்த்தோம், அம்மா உனக்கென்று வீடியோ எடுத்து அனுப்பினாள், நீ பார்த்ததற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மில்லில் தீவனம் கலக்கப் புது மிக்சர் மாட்டியாகிவிட்டது, ஓடும்போது பழைய மிக்சர் மாதிரி தரை அதிருவதில்லை, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், உனக்கு இதெல்லாம் போர் என்று தெரியும். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இருக்கிறாயா என்று கேட்டால் ம் என்கிறாய். அந்த ம்மை வைத்துக்கொண்டு என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எழுந்திருக்கவே மனசு வரவில்லை, புத்தகத்தைத் திறந்தால் அதே பக்கம் அப்படியே கிடக்கிறது, பிடித்த பாட்டுகூட வெறும் சத்தமாகத்தான் கேட்கிறது, இது சரியாகாவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் அப்படியே நம்புகிறேன். உன்னை யாராவது சோம்பேறி என்றால் அவரிடம் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் அடுத்த வரியில், எனக்கு டோபமின் கம்மி அப்பா, மூளையில் அதுதான் ஒரு வேலையில் இறங்கவே தூண்டுவது, அதை ஏற்றப் பூனைக்காலியும் டைரோசினும் சாப்பிடணும், டைரோசின் அமினோ ஆசிட்தானே, உங்க மில்லில் மூட்டை மூட்டையாக இருக்குமே, ஒரு கிலோ போட்டு அனுப்புங்க என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் ஏறியது. எங்கள் மில்லில் இருப்பது லைசின், மெத்தியோனின், திரியோனின். டைரோசினை நான் எந்தக் கோழிக்கும் தனியாகப் போட்டதில்லை. இருந்திருந்தாலும் அது தீவனத்துக்கு வந்த சரக்கு. ஃபின்லாந்தில் உட்கார்ந்துகொண்டு நாமக்கல் கோழித் தீவனம் கேட்கும் ஒரே ஆள் நீதான் அம்மணி.

என் முதல் கேள்வி, கம்மி என்று யார் அளந்தது. ஒரு வெப்சைட் கேள்வி கேட்டது, நீ டிக் போட்டாய், கம்மி என்று சொல்லிவிட்டு அதே பக்கத்தில் கீழே டப்பாவையும் விற்றது. மக்காச்சோள லாரி வந்தால் லேபில் ஈரம் பார்க்காமல் நான் ஒரு மூட்டை இறக்கவிடமாட்டேன், உனக்குத் தெரியும், அதுக்காக எத்தனை டிரைவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நீ ஏற்கனவே வாங்கிச் சாப்பிடும் அந்த டப்பாவின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு சரக்கின் பேர் போட்டிருக்கிறான், எது எவ்வளவு என்று போடவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே எடை. இப்படி ஒரு மூட்டை மில் கேட்டுக்கு வந்தால் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். கோழிக்கே போடமாட்டேன், நீ வெறும் வயிற்றில் முழுங்குகிறாய். சூரமங்கலத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் தெய்வநாயகியிடம் போய்க் கேட்டேன். பூனைக்காலி விதையில் இருப்பது நடுக்குவாத நோய்க்குக் கொடுக்கிற மருந்தின் அதே சரக்குங்க, அதைச் சத்துப்பொடி என்று நினைக்காதீங்க, யார் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டர்தான் சொல்லணும் என்றார். சொல்லிவிட்டு என்னைத் திருப்பிக் கேட்டார், புள்ளை எப்போது தூங்குகிறாள், காலையில் என்ன சாப்பிடுகிறாள், மாதத் தேதி ஒழுங்காக வருகிறதா, ரத்தம், தைராய்டு எல்லாம் கடைசியாக எப்போது பார்த்தது. ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. உன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் மனப்பாடமாகத் தெரிந்தது.

இப்போது சென்னிமலை மாமா கதையைக் கேள். அம்மாவின் அண்ணன்தான், ஆனால் புதுச்சத்திரத்தில் அவர் கோழிப்பண்ணைக்குப் போனால் நான் தீவன மில்காரன், சொந்தமெல்லாம் கேட்டுக்கு வெளியில்தான். செப்டம்பரில் அவர் ஷெட்டில் முட்டை குறைய ஆரம்பித்தது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இட்டுக்கொண்டிருந்த கோழி எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. சீக்கு இல்லை, சாவு இல்லை, தின்கிறது, நிற்கிறது, முட்டை மட்டும் இல்லை. கோழிக்கு இன்ட்ரஸ்ட்டே போயிருச்சு மாப்ள என்று மாமா சொன்னார், நான் சிரித்தேன். அவர் லிவர் டானிக் விட்டார், விட்டமின் விட்டார், எவனோ சொன்னான் என்று மூலிகைத் தண்ணியும் விட்டார். தண்ணி கசந்து கோழி குடிப்பதைக் குறைத்துக்கொண்டது, முட்டை இன்னும் இறங்கியது, அதுக்கு இன்னொரு டானிக். நான் மட்டும் என்ன கிழித்தேன், தீவனத்தை மறுபடி மறுபடி லேபுக்கு அனுப்பினேன், மெத்தியோனினைக் கொஞ்சம் ஏற்றினேன், எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருந்தது, உங்க தீவனம்தான் மாப்ள வேலை செய்யலை என்று மாமா என்னையே பிடித்துக்கொண்டார், ஒரு வாரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அப்புறம் ஒருநாள் உன் சின்ன அத்தையைச் சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட விடியுமுன்னே கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டும்போது அம்மா அரைத் தூக்கத்தில், ஏனுங்க, அண்ணன் ஷெட்டுல மட்டும் லைட்டையே காணோம் என்றாள். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். சுத்துவட்டாரத்தில் அத்தனை ஷெட்டும் எரிகிறது, மாமா ஷெட் கும்மிருட்டு. முட்டைக் கோழிக்குப் பகல் வெளிச்சம் மட்டும் போதாது, விடிகாலையிலேயே லைட் போட்டுப் பகலை நீட்டிவிட வேண்டும், அதுக்கு ஒரு டைமர் இருக்கிறது. ஆகஸ்ட் மழையில் அடிக்கடி கரண்ட் போனதில் டைமர் நின்று நின்று ஓடி, மூன்று மணிக்கு எரிய வேண்டிய லைட் காலை எட்டு மணிக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வெயிலில் எரிகிற பல்பை எவன் பார்ப்பான். லைட்டுக்கு டைமர் இருக்கிறதே என்று மாமா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார், நான் ஷெட்டுக்குப் போனதெல்லாம் காபி குடித்துவிட்டுப் பத்து மணிக்கு. டைமரைத் திருகி வைக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஆனால் முட்டை மறுநாளே ஏறிவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் ஆயிற்று. நடுவில் மாமா இரண்டு தடவை டானிக் பாட்டிலைக் கையில் எடுத்தார், பொறுங்க மச்சான் என்று நான் பிடுங்கி வைத்தேன். இப்போது மறுபடி தொண்ணூறு. மாமா எங்களுக்குச் சாப்பாடு போட்டார், அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார், எனக்கு ஒன்றும் இல்லை.

பெத்த மகளைக் கோழியோடு சேர்த்துப் பேசுகிறாரே என்பாய். எனக்குத் தெரிந்தது கோழிதான் சாமி, வேறு எதை வைத்துப் பேசட்டும். அங்கே இப்போது எட்டே முக்காலுக்கு விடிந்து மூன்றரைக்கு இருட்டிவிடுகிறது என்று நீயே சொன்னாய். நீ தூங்கப் போவது காலை நாலு மணிக்கு, எழுந்து ஜன்னல் திரையை விலக்கும்போது மிச்சம் இருப்பது இரண்டு மணி நேர வெளிச்சம், முதல் சாப்பாடே சாயங்காலம். இதில் எது காரணம் என்று எனக்குத் தெரியாது, எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். டைமரைத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதினால் நானும் அந்த வெப்சைட் மாதிரிதான். இது நோயாகவே இருந்தால் மருந்து சாப்பிடு, மனசுக்கு வைத்தியம் பார்ப்பதில் ஒரு வெட்கமும் இல்லை, டாக்டர் பார்த்து, இதுக்கு இது என்று பேர் சொல்லி, அளவு சொல்லிக் கொடுக்கிற மருந்தாக இருக்கட்டும். உங்கள் யுனிவர்சிட்டி ஹெல்த் சென்டரில் நேரம் கேட்டு, அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு. நீ பெரியவள், டப்பாவைத் தூக்கி வீசு என்று நான் உத்தரவு போட முடியாது, உன்னை ஏற்றிவிட வந்தபோது ஏர்போர்ட்டில் அண்ணனா என்று என்னைக் கேட்டார்களே, அந்த அண்ணன் சொல்வதாகவாவது எடுத்துக்கொள்.

எனக்குக் கவலை இருக்கிறது, ஆனால் பயம் இல்லை. வெள்ளிக்கிழமை நீ அம்மாவிடம் பேசியதை நான் சமையல்கட்டுக்கு வெளியே நின்று கேட்டேன். ரசத்தில் புளி அதிகமாகி ரூம்மேட் முகம் போன போக்கைச் சொல்லி நீ சிரித்தாய். அன்றைக்கு எனக்கு மில்லில் எல்லா வேலையும் சுலபமாக முடிந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்து பெட்டியில் பொடிக்கு விட்ட இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு டப்பா கடலை உருண்டையைத் திணித்துவிட்டாள். ஆகவே மேலே பதினொன்று என்று எழுதியது இப்போது தப்பு, அடித்துத் திருத்தப்போவதில்லை. உருண்டையைக் காலையில் சாப்பிடு, அதுதான் அம்மா சொல்லச் சொன்னது. மனசும் உடம்பும் தேறி நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அம்மா கந்தசாமி கோயிலுக்கு உன் பேரில் வேண்டிக்கொண்டிருக்கிறாள், நான் வேண்டிக்கொள்ளவில்லை, வேலைகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
சிவபிரகாஷ்

நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை மில்லுக்குப் போகும் வழியில் இந்தப் பெட்டியைக் கூரியரில் போடுவது.

2. டாக்டர் தெய்வநாயகி கேட்ட கேள்விகளை அம்மா மூலம் உன்னிடம் கேட்பது. நான் கேட்டால் ம் என்றுதான் பதில் வரும்.

3. தினமும் இங்கே காலை பத்தரைக்கு, அங்கே காலை ஏழுக்கு, வீடியோ கால் போடுவது. எனக்கு அது டீ நேரம். நீ ரூம் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை. நானும் பேசாமல் டீ குடிப்பேன்.

4. மார்க்கைப் பற்றிக் கேட்காமல் இருப்பது. கஷ்டம்தான், பார்க்கிறேன்.

5. அங்கே பகல் நீள ஆரம்பிக்கிற ஜனவரிக்கு அப்புறமும் ஊருக்கு வரணும் என்றே உனக்குத் தோன்றினால் ஒரு வார்த்தை சொல், கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வாரேன். ஏன் வந்தாய் என்று வழியில் கேட்கமாட்டேன். பாட்டை நீயே போடு. வெறும் சத்தமாகக் கேட்டாலும் பரவாயில்லை, நாமக்கல் வரைக்கும் நானும் கூடவே கேட்டுக்கொண்டு வாரேன்.