என் அம்மாவை நீ எழுதியது

என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருபவளுக்கு,

ஒரு வாரமாக நான் உன்னோடு பேசாததற்குத் தலைவலி காரணமில்லை.

எழுத்துப் பயிற்சி வகுப்பில் உழைப்பைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அம்மாவைத் ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து நீ வாசித்தாய். திருமழபாடியிலிருந்து பெரம்பலூர் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் நீ, ஒரே ஒரு முறைதான் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய். கூலிக்குச் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்து அறுத்து வெடித்துப்போன விரல்கள் உன் கண்ணில் படாதிருக்க, அம்மா அப்பளத்தைக்கூடக் கரண்டியால் எடுத்து வைத்ததை எழுதியிருந்தாய். யாருமே கை தட்டவில்லை. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் என் அம்மா. பார்த்தது நீ.

அம்மா உன்மேல் கோபப்படட்டும் என்றுதான் வீட்டில் போய்ச் சொன்னேன். அவளோ சிரித்தாள். “அந்தப் புள்ள எப்புடி கவனிச்சிருக்கு பாரேன்! இன்னொரு நாளைக்கு அழச்சிட்டு வாடி.”

நான் உன்னை அழைக்கவே இல்லை.

நேற்று வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ரொம்ப எரியுதாம்மா?” என்று கேட்டேன். இதுவரை நான் கேட்டதே இல்லை. அம்மா வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசினாள்.

என்ன பேசினாள் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அதை நான்தான் எழுதுவேன். வகுப்பில் நான் வாசிக்கும்போது, மற்றவர்களைப் போல நீயும் உட்கார்ந்து கேள்.

இன்னும் கோபம் தீராத
உன் தோழி